கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில்: கடன் யார் பெயரில்?

2021 மார்ச் மாதத்தில் மலேசிய அரசாங்கம் சிங்கப்பூருக்கு 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டது. நம் பணத்தில் அது 32 கோடி ரிங்கிட்டுக்குச் சற்று மேல். ஒரு கிலோமீட்டர் தண்டவாளம்கூடப் போடாத, ஒரு பெட்டிகூட வாங்காத ரயில் பாதைக்குக் கொடுத்த தொகை அது. அந்த வாரம் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் இதைப் பற்றிப் பேசிய நண்பர்கள் இரண்டே காரணங்களைச் சொன்னார்கள்: ஒன்று அரசியல், மற்றது விலை. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து ரத்தானது வரை இரு நாட்டு அமைச்சர்களும் கொடுத்த விளக்கங்களை வரிசையாக வைத்துப் படித்தால், அந்த இரண்டுக்கும் அடியில் கிடக்கும் மூன்றாவது காரணம் கண்ணில் படுகிறது. பாதைக்கு வாங்கும் கடன் யார் பெயரில் நிற்கும், எதிர்பார்த்த பயணிகள் ஏறாவிட்டால் நட்டத்தை யார் ஏற்பது என்பதை முடிவு செய்வதற்கு முன்பே, ரயில் ஓடப்போகும் ஆண்டு அறிவிக்கப்பட்டுவிட்டது. இந்த ஆய்வு அந்தக் கேள்வியைத்தான் பின்தொடர்கிறது.

அறிவிப்பிலிருந்து ஒப்பந்தம் வரை

இரு நகரங்களையும் அதிவேக ரயிலால் இணைக்கும் யோசனை புதிதன்று. விமான நிலைய ரயிலில் பங்கு கொண்டிருந்த ஒய்.டி.எல். குழுமம் 1990களின் பிற்பகுதியிலேயே அதை முன்வைத்தது. 2010இல் வந்த பொருளாதார உருமாற்றத் திட்டத்தில் அது அரசாங்கத்தின் திட்டமாக இடம்பிடித்தது. 2013 பிப்ரவரி 19 அன்று அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கும் சிங்கப்பூரில் கூட்டாக அறிவித்தபோது சொல்லப்பட்ட இலக்கு 2020. முழுமையான செலவுக் கணக்கு அப்போது யார் கையிலும் இல்லை. 2015 மே மாதத்தில் சிங்கப்பூர் முனையம் ஜூரோங் ஈஸ்ட்டில் அமையும் என்று உறுதியானபோதே, 2020 நடக்காது என்பதையும் இரு தலைவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

2016 ஜூலையில் புரிந்துணர்வு ஒப்பந்தமும், டிசம்பர் 13 அன்று புத்ராஜெயாவில் இருதரப்பு ஒப்பந்தமும் கையெழுத்தாயின. ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளம். அதில் 335 கிலோமீட்டர் மலேசியாவில், 15 கிலோமீட்டர் சிங்கப்பூரில். சுங்கை பீசியின் பண்டார் மலேசியாவில் தொடங்கி செப்பாங்–புத்ராஜெயா, செரம்பான், மலாக்கா, மூவார், பத்து பகாட், இஸ்கந்தர் புத்ரி வழியாக ஜூரோங் ஈஸ்ட்டில் முடியும் எட்டு நிலையங்கள். நேரடி ரயிலில் 90 நிமிடப் பயணம். குடிநுழைவுச் சோதனையை ஏறும் இடத்திலேயே ஒரே தடவையில் முடித்துவிடும் ஏற்பாடும் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு பேருந்திலிருந்து இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு, இரு கரையிலும் வரிசையில் நின்று, மறுபடி அதே பேருந்தைத் தேடி ஓடியவர்களுக்கு அந்த ஒரு வரியின் அருமை புரியும். வேகத்தைக் காட்டிலும் இதுதான் இத்திட்டத்தின் பெரிய வசதி என்பது என் கருத்து.

எட்டு நிலையங்கள் ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. நம் நாட்டில் நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. சிலாங்கூர், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜோகூர் என நான்கு மாநிலங்கள் இணங்கி நிலம் எடுத்துக் கொடுக்காமல் மத்திய அரசாங்கம் ஓர் அடி பாதையும் போட முடியாது. நிலம் கொடுக்கும் மாநிலம் நிலையம் கேட்காமல் இருக்குமா? அதனால் நிற்காமல் போகும் ரயில் ஒன்று, எல்லா ஊர்களிலும் நிற்கும் உள்நாட்டு ரயில் ஒன்று, இஸ்கந்தர் புத்ரிக்கும் ஜூரோங்குக்கும் இடையே ஓடும் ரயில் ஒன்று என மூன்று சேவைகளாகத் திட்டம் விரிந்தது. நிலையங்களில் சில ஊருக்கு வெளியே அமைந்தன. செரம்பான் நிலையம் என்று பெயர் பெற்றது உண்மையில் லாபு பக்கம் வரவிருந்தது.

கோட்டுக்கு எந்தப் பக்கம்

2017 நவம்பர் முதல் 2018 ஜனவரி இறுதி வரை மூன்று மாதங்களுக்குப் பாதையின் வரைபடங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி அது கட்டாயம். நெகிரி செம்பிலானில் அப்படியொரு காட்சியிடத்துக்கு நானும் போயிருந்தேன். மேசை நீளத்துக்கு விரித்த வரைபடத்தின் மேல் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார் ஒரு பெரியவர். தோட்டம் துண்டாடப்பட்டபோது வெளியே வந்து, சேமநிதிப் பணத்தில் லாபு பக்கம் சிறிய வீடு வாங்கியவர். ஆற்றையும் கோயிலையும் கண்டுபிடித்துவிட்டார். வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. "தம்பி, நம்ம வீடு இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றார். கோட்டின் தடிப்பே தரையில் பல வீடுகளின் அகலம். "அளவெடுத்தாத்தான் தெரியுமுங்க ஐயா" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது. பின்கட்டை இழுத்துக் கட்டச் செங்கல் இறக்கி வைத்திருப்பதாகவும், இனி பொறுத்துப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

திட்டச் செலவு என்று நாம் பேசும் தொகையில் இப்படிக் காத்திருந்தவர்களின் கணக்கு எங்கும் சேராது. சிங்கப்பூர்ப் பக்கத்தில் இந்த வேலை வேகமாக நடந்தது. முனையத்துக்காக ஜூரோங் குழிப்பந்து (கோல்ஃப்) மன்றத்தின் நிலம் எடுக்கப்பட்டு, 8 கோடியே 98 லட்சம் வெள்ளி இழப்பீடும் தீர்மானிக்கப்பட்டது.

மூன்று வீட்டுக் குடும்பம்

இத்திட்டத்தின் நிதி அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் அதன் முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. ஆகவே இங்குச் சற்று நின்றுதான் போக வேண்டும்.

பாதையைத் தாங்கும் பாலங்கள், சுரங்கங்கள், நிலையங்கள் ஆகியவற்றை அந்தந்த நாடு தன் எல்லைக்குள் தானே கட்டித் தானே வைத்துக்கொள்ளும். மலேசியப் பக்கத்தில் அந்தப் பொறுப்பு 2015இல் நிதியமைச்சின் கீழ் அமைக்கப்பட்ட மை எச்.எஸ்.ஆர். நிறுவனத்துக்குரியது. அதன் மேல் வரும் தண்டவாளம், மின்சாரம், சமிக்ஞை, தொலைத்தொடர்பு, ரயில் பெட்டிகள் அனைத்தையும் சொத்து நிறுவனம் என்ற மூன்றாவது அமைப்பு தன் பணத்திலும் கடனிலும் வாங்கிப் பராமரிக்கும். இரு நாடுகளும் சேர்ந்து விடும் அனைத்துலக டெண்டரில் வெல்பவருக்கே அந்த இடம். ரயிலை ஓட்டிக் கட்டணம் வசூலிப்பவர்கள் வேறு: எல்லை கடந்த சேவைக்கு ஒருவர், உள்நாட்டுச் சேவைக்கு ஒருவர். ஓட்டுபவர்கள் கட்டும் பயன்பாட்டுக் கட்டணமும் இரு அரசாங்கங்களும் கட்டும் தொகையும் சேர்ந்து சொத்து நிறுவனத்தின் கடனை அடைக்கும்.

இந்த ஏற்பாட்டில் நல்ல நோக்கம் இருந்தது. எந்த நாட்டு நிறுவனமும் தனக்குச் சாதகமாகப் பெட்டியோ சமிக்ஞையோ தேர்ந்தெடுக்க முடியாது. இரு பக்கத்துக்கும் பொதுவான ஒருவர் நடுவில் இருப்பார். பிழை நேர்ந்தால் கேட்பதற்கு ஒரே முகவரி இருக்கும். ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பாதையின் நீளத்தில் 100க்கு 95 பங்குக்கு மேல் மலேசிய மண்ணில் இருக்கிறது. கட்டுமானச் செலவின் பெரும்பகுதியை மலேசியா சுமக்க, அதன் மேல் ஓடப்போகும் அமைப்பை யார் தருவது, பணத்தை எந்த வரிசையில் கட்டுவது என்பவற்றை மலேசியா தனியாக முடிவு செய்ய இயலாது. கடனுக்கு வட்டி குறைத்துத் தருகிறேன், ஆனால் என் நாட்டுப் பெட்டியை வாங்கு என்று ஓர் அரசு வங்கி வந்தால்கூட அதை ஏற்க வழியில்லை. சிங்கப்பூருக்கு அந்தக் கட்டுப்பாடு பாதுகாப்பு. மலேசியாவுக்கு அதே கட்டுப்பாடு கைவிலங்கு. கையெழுத்திட்ட அன்று இதை எவரும் வெளிப்படையாகப் பேசவில்லை.

சொத்து நிறுவனத்துக்கான டெண்டர் 2017 டிசம்பரில் விடப்பட்டது. மலேசியப் பக்கக் கட்டுமானத்தை நடத்த, வடபகுதிக்கு எம்.ஆர்.சி.பி.–கமுடா கூட்டணியும், தென்பகுதிக்கு ஒய்.டி.எல்.–டி.எச். பிராபர்ட்டீஸ் கூட்டணியும் 2018 ஏப்ரலில் தேர்வாயின. மே 9 பொதுத்தேர்தல். ஒரு தலைமுறைக்குக் கடன் வைக்கும் திட்டத்தில் இவ்வளவு பெரிய படியைத் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது வைத்தது சரியா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

எந்தத் தொகை உண்மை

தேர்தலில் நம்பிக்கைக் கூட்டணி வென்றது. மே 28 அன்று, இத்திட்டத்தைக் கைவிடுவதாகப் பிரதமர் மகாதீர் அறிவித்தார். செலவு 11,000 கோடி ரிங்கிட் ஆகும், நாட்டுக்கு ஒரு காசு இலாபமில்லை, சுமார் 50 கோடி ரிங்கிட் இழப்பீடு கொடுத்தாவது வெளியேறுவது மேல் என்பது அவர் வாதம். மதிப்பீடு 7,200 கோடிதானே, எப்படி ஏறியது என்று நஜிப் திருப்பிக் கேட்டார்.

இரண்டு தொகைகளையும் மலேசியப் பக்கத்தின் 335 கிலோமீட்டருக்குப் பிரித்தால், ஒரு கணக்கில் கிலோமீட்டருக்கு 21 கோடி, மறு கணக்கில் 32 கோடிக்கு மேல் வருகிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பாதையை எடுத்துக்கொள்ளலாம். கிம்மாஸிலிருந்து ஜோகூர் பாரு வரை 192 கிலோமீட்டர் இரட்டை மின்சாரப் பாதைக்கு ஒப்பந்தத் தொகை 955 கோடி, அதாவது கிலோமீட்டருக்கு 5 கோடி. அது மீட்டர் அகலப் பாதை, வேகமும் குறைவு. எனவே நேர் ஒப்பீடு ஆகாது என்பது சரிதான். ஆனாலும் மக்களுக்குக் காட்ட வேண்டியிருந்த ஒப்பீடு அதுதான்: மணிக்கு 140 கிலோமீட்டருக்கு இவ்வளவு, 300க்கு மேல் போக இவ்வளவு, இடையில் மிச்சமாகும் நேரத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது. அப்படி ஓர் அட்டவணையைப் பழைய, புதிய இரு அரசாங்கங்களில் எதுவும் நம் முன் வைக்கவில்லை. கட்டுமானச் செலவு எது, கட்டுமான கால வட்டி எது, பராமரிப்பு எது என்று பிரிக்காமல் ஒற்றைத் தொகையை எறிந்து சண்டை போட்டதால், எந்தத் தொகையையும் யாரும் சோதித்துப் பார்க்க முடியவில்லை.

அந்த மாதத்தின் சூழலையும் மறக்கக் கூடாது. நாட்டின் கடனும் பொறுப்புகளும் ஒரு டிரில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டன என்று புதிய அரசாங்கம் சொன்னபோது, அதில் அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்த கடன்களும் சேர்த்தே எண்ணப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கின் பெருவிரைவு ரயில் பாதைகளைக் கட்டிய முறையே அதுதான். டானாஇன்ஃப்ரா நேஷனல் என்ற நிதியமைச்சு நிறுவனம் சந்தையில் சுக்கூக் எனும் இஸ்லாமியக் கடன் பத்திரங்களை வெளியிடும், அரசாங்கம் அதற்கு உத்தரவாதம் நிற்கும், வரவு செலவுத் திட்டத்தில் அது நேரடிக் கடனாகத் தெரியாது. சுமார் 2,100 கோடி ரிங்கிட்டில் 51 கிலோமீட்டர் காஜாங் பாதை அந்த வழியில் எழுந்து, 2017இல் முழுமையாக ஓடத் தொடங்கியது. நானும் அன்றாடம் ஏறுகிறேன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறைந்திருந்த கடனை ஒரு நாள் வெளிச்சத்தில் வைத்து எண்ணியதும், அடுத்துக் கையெழுத்திட வேண்டிய பெரிய கடன் பலியானது.

தனியார் போடுவார்கள் என்ற நம்பிக்கை

அரசாங்கம் பணம் போடாமல் தனியாரே கட்டிக்கொள்வார்கள் என்பதை நம்புகிறவர்களுக்குக் கோலாலம்பூரிலேயே ஓர் அனுபவம் இருக்கிறது. 1996இல் ஸ்டார், 1998இல் புத்ரா என இரண்டு இலகு ரயில் பாதைகளும் தனியார் முதலீட்டில் வந்தவை. பயணிகள் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை, நாணய நெருக்கடி வேறு. இரண்டும் சேர்ந்து 500 கோடி ரிங்கிட்டுக்கு மேல் கடனில் மூழ்கின. 2002இல் அரசாங்கத்தின் பிரசரானா நிறுவனம் அவற்றை ஏற்றுக்கொண்டது. இலாபம் வந்தால் தனியாருக்கு, நட்டம் வந்தால் நமக்கு என்ற பழைய கதைதான். விமான நிலைய ரயில் தப்பிப் பிழைத்தது. ஆனால் அதன் கட்டணம் 2016 ஜனவரியில் 35 ரிங்கிட்டிலிருந்து 55 ரிங்கிட்டுக்கு ஏறியது.

தைவானின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் நீளமும் ஏறத்தாழ அதே 350 கிலோமீட்டர்தான். அரசாங்கத்திடமிருந்து ஒரு காசும் வேண்டாம் என்று சொல்லித்தான் அங்கே தனியார் கூட்டணி 1997இல் போட்டியில் வென்றது. 2007 ஜனவரியில் ரயில் ஓடியது, நன்றாகவே ஓடியது. 35 ஆண்டு உரிமைக் காலத்துக்குள் மொத்த முதலையும் வட்டியையும் மீட்க வேண்டும் என்ற கணக்குதான் கழுத்தை நெரித்தது. நூறு ஆண்டு நிற்கும் பாலத்தின் விலையை 35 ஆண்டுக் கட்டணத்தில் எடுக்க முடியாது. 2009இல் அரசாங்கம் நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. 2015இல் உரிமைக் காலம் 70 ஆண்டாக நீட்டப்பட்டு, அரசு சார்ந்த பங்குகளே பெரும்பான்மை ஆயின.

இந்தோனேசியாவில் 142 கிலோமீட்டர் ஜகார்த்தா–பாண்டுங் பாதைக்கு 2015இல் ஜப்பானை விட்டுச் சீனாவைத் தேர்ந்தெடுக்கக் காரணமே, அரசாங்க உத்தரவாதம் தேவையில்லை என்று சீனத் தரப்பு சொன்னதுதான். செலவு மதிப்பீட்டைத் தாண்டி எகிறியதும், 2021இல் அதிபரின் ஆணையால் அரசாங்கப் பணத்துக்குக் கதவு திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில் ரயில் ஓடியது என்பது உண்மை. 2015இல் கொடுத்த வாக்கு ஓடவில்லை என்பதும் உண்மை.

நேர்மாறான வழியில் போனது ஜப்பான். 1964இல் திறந்த டோக்கியோ–ஒசாக்கா பாதைக்கு உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. மொத்தச் செலவில் அது சிறு பங்குதான். அடுத்து வரும் அமைச்சரவை பாதி வழியில் கைகழுவ முடியாதபடி வெளிக் கடன் ஒன்று கட்டிப்போட வேண்டும் என்பதே தேசிய ரயில்வேத் தலைவர் சோகோ ஷின்ஜியின் எண்ணம் என்று சொல்வார்கள். செலவு மதிப்பீட்டைப் போல் ஏறத்தாழ இரு மடங்கானது. திறப்பு விழாவுக்கு முன்பே அவரும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் பதவி விலகினார்கள். பாதை மட்டும் நின்றது.

நம் ஒப்பந்தமும் அப்படிக் கட்டிப்போடத்தான் எழுதப்பட்டது. ஆனால் அதை முறிப்பதன் விலை கட்டுமானச் செலவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கொடுத்த 32 கோடியை 11,000 கோடியோடு வைத்துப் பார்த்தால் 1,000 ரிங்கிட்டுக்கு 3 ரிங்கிட்கூட இல்லை. எந்த நிதியமைச்சரும் தயங்காமல் போடக்கூடிய கணக்கு அது.

முடிவுக்கு வந்த விதம்

கைவிடுவதாகச் சொன்ன மகாதீர் அரசாங்கம் பிறகு ஒத்திவைப்புக்கு இறங்கி வந்தது. 2018 செப்டம்பர் 5 அன்று மலேசிய அமைச்சர் அஸ்மின் அலியும் சிங்கப்பூர் அமைச்சர் காவ் பூன் வானும் கையெழுத்திட்டபடி, 2020 மே இறுதி வரை திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது, மலேசியா 1.5 கோடி சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தது. ரயில் ஓடும் நாள் 2031 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. இடையில் ஆட்சி மாறியது, பெருந்தொற்று வந்தது, தவணை 2020 டிசம்பர் 31 வரை நீண்டது.

2021 ஜனவரி முதல் நாள், ஒப்பந்தம் காலாவதியானதாக அப்போதைய மலேசியப் பிரதமர் முகைதீன் யாசினும் லீ சியன் லூங்கும் கூட்டறிக்கை விட்டார்கள். சொத்து நிறுவனத்தை நீக்கினால் பணத்தைத் தாமதித்துச் செலுத்தும் முறை, அரசு–தனியார் கூட்டு என நிதிக்குப் பல வழி கிடைக்கும் என்பது மலேசிய அமைச்சர் முஸ்தபா முகமட் தந்த விளக்கம். மூன்று நாள் கழித்துச் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் போக்குவரத்து அமைச்சர் ஓங் யீ காங், அதை நீக்குவதுதான் தங்களால் ஏற்க முடியாத அடிப்படை மாற்றம் என்றும், சிங்கப்பூர் ஏற்கெனவே 27 கோடி வெள்ளிக்கு மேல் செலவிட்டுவிட்டது என்றும் சொன்னார். பாதையின் போக்கு, நிலையங்களின் அளவு பற்றியெல்லாம் பேசித் தீர்த்திருக்கலாம். கடைசியில் முட்டி நின்றது, பணத்தையும் பெட்டியையும் யார் தேர்ந்தெடுப்பது என்ற ஒரே இடத்தில்தான்.

முனையத்தின் நிலமும் அதே வழியில் போனது. சுங்கை பீசியின் பழைய விமானப்படைத் தளத்தில் 486 ஏக்கர் பண்டார் மலேசியா, ரயில் வருவதால் நில மதிப்பு ஏறும், ஏறிய மதிப்பு கடனை அடைக்கும் என்ற கணக்கில் எழுந்த திட்டம். ஆனால் அந்த நிலம் ஏற்கெனவே 1எம்.டி.பி. என்ற அரசாங்க முதலீட்டு நிறுவனத்தின் கடனுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. 60 விழுக்காட்டுப் பங்கை 741 கோடி ரிங்கிட்டுக்கு விற்கும் 2015 டிசம்பர் ஒப்பந்தம் 2017 மே மாதம் முறிந்தது. 2019இல் உயிர்பெற்று 2021இல் மீண்டும் காலாவதியானது. ரயில் நிலையத்தைச் சுற்றிய நிலத்தின் மதிப்பு ரயிலுக்கே போய்ச் சேர்வதுதான் உலகெங்கும் பொதுப் போக்குவரத்துக்குக் கிடைக்கும் நல்ல வருமானம். இங்கே அது பழைய ஓட்டையை அடைக்கப் போகவிருந்தது.

இன்றைய நிலை

அன்வார் இப்ராஹிம் அரசாங்கத்தின் கீழ் 2023 ஜூலையில் மை எச்.எஸ்.ஆர். தனியாரிடம் யோசனைகளைக் கேட்டது. அரசாங்கம் பணமும் போடாது, உத்தரவாதமும் கொடுக்காது என்பது நிபந்தனை. 2024 ஜனவரி 15 அன்று தவணை முடிந்தபோது 31 நிறுவனங்கள் ஏழு கூட்டணிகளாக வந்திருந்தன. எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் உண்டு. யோசனை கொடுப்பதற்குச் செலவு குறைவு என்பதை நினைத்துக்கொண்டால் போதும்.

இதற்கிடையே போட்டியும் மாறிவிட்டது. 2018இல் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஆண்டுக்கு 30,000க்கும் மேற்பட்ட விமானங்கள் பறந்தன. உலகிலேயே அதிகப் பரபரப்பான அனைத்துலக வழித்தடம் என்று அப்போது பெயர் பெற்றது. அதிவேக ரயில் நம்பியிருந்ததும் அப்படிப்பட்ட விமானப் பயணிகளைத்தான். இப்போது கோலாலம்பூர் சென்ட்ரலில் ஏறினால் இ.டி.எஸ். எனும் மின்சார ரயில் நாலரை மணி நேரத்தில் ஜோகூர் பாருவில் இறக்கிவிடுகிறது. அங்கே புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு 4 கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். எனும் எல்லை தாண்டும் ரயில் இணைப்பு, மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றும் திறனோடு அமைகிறது. குடிநுழைவுச் சோதனை அதிலும் ஏறும் இடத்தில் ஒரே தடவைதான். அதிவேக ரயிலின் பெரிய வசதி என்று நான் மேலே சொன்னது, மிகக் குறைந்த செலவில் வேறொரு பாதைக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே இனி இப்பாதையில் தன் பணத்தைப் போட வரும் எவரும் கட்டண வருமானத்தை மட்டும் நம்பமாட்டார். குறைந்தபட்சப் பயணிகள் எண்ணிக்கைக்கு உறுதி கேட்பார். அல்லது நிலையத்தைச் சுற்றி நிலம் கேட்பார். அல்லது கட்டணத்தை ஏற்றவிடாத ஆண்டுகளுக்கு ஈட்டுத்தொகை கேட்பார். மூன்றில் எதற்குத் தலையசைத்தாலும் அது உத்தரவாதம்தான்; ஒப்பந்தத்தில் வேறு பெயரில், வேறு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.